ஈரமணல் காய்ந்துபோன கதை

உடப்புக் கரையில் எடுத்த ஒரு படத்தை ஒருமுறை அதே ஊர்க் கரைவலைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். மாலைச் சூரியன் கடலுக்குச் சற்று மேலே நின்றபோது எடுத்தது. அலை திரும்பிப் போன தடம், அதில் விழுந்திருந்த சாய்சதுரக் கோடுகள், ஓரத்தில் ஒரு நண்டு வளை. ஆள் இல்லை, வள்ளம் இல்லை, வெறும் மணல். கணினிக்கு முன்னால் மூன்று மணிநேரம் மல்லுக்கட்டி, ஒவ்வொரு மணலும் தனித்தனியே எழுந்து நிற்கும்படி செய்து, பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். பாராட்டுவார் என்ற எண்ணத்தில்தான்.

அவர் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எங்க எடுத்தது தம்பி?"

"இந்தக் கரையிலதான் அண்ணே."

"அலை போன இடமா?"

"ஓம்."

"அப்ப ஏன் காஞ்சு கிடக்கு?"

நான் படத்தில் எதையும் சேர்க்கவில்லை, எதையும் நீக்கவில்லை. கமரா பதிந்த புள்ளிகள் அத்தனையும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனாலும் நாற்பது வருடம் அந்த மணலில் கால் பதித்தவருக்கு அது வேறு மணலாகத் தெரிந்தது. நான் செய்தது என்ன என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. அதற்குக் கண்ணின் உடலியல், இருட்டறை இரசாயனம், எளிய கூட்டல் கழித்தல் மூன்றையும் தொட்டுவர வேண்டியிருந்தது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் டெக்ஸ்ச்சர் என்பதற்குப் புவியியல் பாடநூல் இழையமைப்பு என்கிறது. துணி வாங்கப் போகிறவர் நெசவைப் பார்க்கிறார். நம்முடைய நாக்கில் புழங்கும் சொற்களோ சொரசொரப்பு, வழவழப்பு, நறநறப்பு, பிசுபிசுப்பு. எல்லாம் விரலும் பல்லும் பாதமும் அறிந்தவை. கமராவுக்கு விரல் இல்லை. அது தொட்டறிய முடியாத ஒன்றை ஒளியை வைத்து ஊகிக்க விடுகிறது. ஒரு மேற்பரப்பில் பக்கத்துப் பக்கத்து இடங்கள் எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு இருட்டாக இருக்கின்றன என்ற வேறுபாடுதான் படத்தில் சொரசொரப்பாகத் தெரிகிறது. வேறுபாடு இல்லையென்றால் எவ்வளவு கரடுமுரடான பொருளும் படத்தில் பூசிவிட்ட சுவர்தான்.

கற்பிட்டிக் குடாநாட்டின் மணல்மேடுகளில் இதைக் கண்முன்னே பார்க்கலாம். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகக் காற்று ஓயாமல் வீசும். மணல்துகள்கள் தரையிலிருந்து எகிறி, சிறிது தூரம் பறந்து, விழுந்த இடத்தில் வேறு துகள்களை எகிறவைக்கும். இந்தத் துள்ளலிலிருந்துதான் மணலில் வரிவரியாக அலைகள் உண்டாகின்றன என்பதை பிரித்தானியப் படைப் பொறியியலாளர் ரால்ஃப் பக்னோல்ட் 1941இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். வரிகள் காற்றுக்குக் குறுக்கே ஓடும். உயரம் சில மில்லிமீற்றர் மட்டுமே. காற்று வரும் பக்கத்துச் சரிவு மிக மெல்லியது, எட்டு, பத்துப் பாகை இருக்கும்.

கணக்கை எளிதாக்க இரண்டு பக்கமும் எட்டுப் பாகைச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். சூரியன் அடிவானிலிருந்து 10 பாகை உயரத்தில் நிற்கிறது. சூரியனைப் பார்த்த சரிவில் ஒளி 18 பாகையில் விழுகிறது, மறுபக்கச் சரிவில் 2 பாகையில். விழும் ஒளியின் அளவு அந்தக் கோணத்தின் சைனுக்கு ஏற்ப மாறும். ஆக ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு வெளிச்சம். அதே மணல், அதே வரிகள், ஆனால் சூரியன் 80 பாகை உயரத்தில் என்றால் ஒளி ஒரு பக்கம் 88 பாகையிலும் மறுபக்கம் 72 பாகையிலும் விழும். வித்தியாசம் ஐந்து வீதம். காலையில் ஒன்பது மடங்கு, உச்சியில் ஐந்து வீதம்! வானத்தின் நீல ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வந்து காலை நிழலைக் கொஞ்சம் நிரப்புவதால் ஒன்பது மடங்கு குறையும் என்பது உண்மை. ஆனாலும் பள்ளமும் மேடும் ஆளுக்கொரு நிறமாய் நிற்கும்.

நம் ஊரில் இந்த நல்ல நேரம் மிகச் சிறியது. புத்தளம் 8 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சமஇரவு நாட்களை ஒட்டிச் சூரியன் இங்கே ஏறத்தாழ நேர்செங்குத்தாக ஏறும். உதித்து 10 பாகையை எட்ட நாற்பது நிமிடம்தான். 60 பாகையில் இருக்கும் ஒஸ்லோவில் அதற்கு இரு மடங்கு நேரம். ஐரோப்பியப் புகைப்பட நூல்கள் பொன்னான நேரம் என்று விரிவாக எழுதுவதைப் படித்துவிட்டுக் கற்பிட்டிக்கு வருகிறவர், தேநீர் குடித்து முடிப்பதற்குள் அதைத் தவறவிட்டுவிடுவார். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், ஓகஸ்ட் முடிந்து செப்டெம்பர் தொடங்கும் நாட்களிலும் நண்பகல் சூரியன் புத்தளத்தின் தலைக்கு நேர்மேலே நிற்கும். அப்போது உங்கள் நிழல் உங்கள் காலுக்குள்ளேயே ஒடுங்கிவிடும். மணல்வரியின் நிழலும் அப்படித்தான்.

பாலாவிப் பக்கத்து உப்பளங்களுக்கு அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். கண்ணைக் கூசவைக்கும் வெண்மை தவிர வேறொன்றும் தெரியாது. கடல்நீர் வெயிலில் வற்றி வற்றி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் கறியுப்பு படியத் தொடங்கும். ஒவ்வொரு பரலும் நிறமற்ற சிறு கனசதுரம். அந்தக் கனசதுரங்களின் ஆயிரமாயிரம் முகங்களில் ஒளி பட்டுச் சிதறுவதால்தான் குவியல் வெள்ளையாகத் தெரிகிறது. சில முகங்கள் கண்ணாடிபோலச் சூரியனை நேரே திருப்பியனுப்பும். அந்தப் புள்ளிகளில் கமராவின் உணரி நிரம்பி வழிந்துவிடும். வழிந்த இடத்தில் பதிவாவது ஒரே எண், உச்ச எண். அங்கே ஒரு பரலுக்கும் அடுத்த பரலுக்கும் வேறுபாடு இல்லை. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. உப்பளத்தைப் படம் பிடிக்கிறவர் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே பதிய வேண்டியிருப்பது இதனால்தான்.

இனிக் கண்ணுக்கு வருவோம்.

ஒஸ்திரிய இயற்பியலாளர் ஏர்ணஸ்ட் மாக் 1865இல் ஒரு விநோதத்தைக் குறித்து வைத்தார். ஒரு சாம்பல் பரப்பு படிப்படியாக வெளுத்து இன்னொரு சாம்பலாக மாறும் இடத்தில், இருண்ட பக்கத்தில் மேலும் இருண்ட ஒரு கோடும், வெளுத்த பக்கத்தில் மேலும் வெளுத்த ஒரு கோடும் தெரிகின்றன. ஒளிமானி வைத்து அளந்தால் அப்படி எந்தக் கோடும் இல்லை. கோடு கண்ணுக்குள் உண்டாகிறது. ஏன் என்பதற்கான விடை பல பத்தாண்டுகள் கழித்து, அமெரிக்க அத்திலாந்திக் கரையில் வாழும் குதிரைலாட நண்டின் கண்ணிலிருந்து வந்தது. அதன் கூட்டுக்கண்ணின் ஒற்றை நரம்பிழையில் மின்துடிப்பைப் பதிவுசெய்த கெஃபர் ஹார்ட்லைன், ஓர் உணர்கலத்தில் ஒளி பட்டால் அது தான் துடிப்பதோடு நிற்காமல் பக்கத்துக் கலங்களின் துடிப்பையும் அடக்குகிறது என்று கண்டார். 1967இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பரந்த வெளிச்சத்தின் நடுவிலுள்ள கலத்தை எல்லாப் பக்கத்து அயலாரும் அடக்குகிறார்கள். விளிம்பிலுள்ள கலத்துக்கு ஒரு பக்கத்து அயலார் இருட்டில் கிடப்பதால் அடக்குவாரில்லை. அது உரத்துத் துடிக்கும். விளிம்பின் மறுபக்கம், இருட்டிலுள்ள கலத்தை வெளிச்சத்திலுள்ள அயலார் அடக்குவதால் அது இன்னும் சோர்ந்துபோகும். விளிம்பு கூர்மையாகிவிட்டது. நம் விழித்திரையிலும் இதே அயல்பகைதான். மணலை நாம் நேரில் பார்க்கும்போதே கண் ஒருமுறை அதைக் கூர்மையாக்கிவிட்டுத்தான் மூளைக்கு அனுப்புகிறது.

இதே நாடகம் இருட்டறையின் தட்டிலும் நடந்துவந்திருக்கிறது, யாரும் எழுதிக் கொடுக்காமலே. பிலிமைக் கழுவும் இரசாயனம், அதிக ஒளி பட்ட இடத்தில் அதிக வெள்ளியை உருவாக்கித் தான் களைத்துப்போகும். கழிவாக புரோமைட்டு கசியும். அந்தக் கழிவு பக்கத்திலுள்ள மெல்லிய பகுதிக்குப் பரவி அங்கே நடக்கும் வேலையைத் தடுக்கும். மெல்லிய பகுதியில் களைக்காமல் மிஞ்சிய இரசாயனமோ விளிம்பைத் தாண்டி வந்து அடர்ந்த பக்கத்தை மேலும் அடர்த்தியாக்கும். 1891இல் அக்ஃபா நிறுவனம் கொண்டுவந்த ரோடினால் என்ற கழுவுநீரை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, தட்டை அதிகம் ஆட்டாமல் விட்டால் இந்த விளைவு நன்றாகத் தெரியும் என்பது பழைய படப்பிடிப்பாளர்களின் கைப்பாடம். நண்டின் கண்ணில் நரம்பு செய்ததை இங்கே உப்புக் கரைசல் செய்கிறது.

கொழும்பில் பிறந்த லயனல் வென்ட் (1900–1944) இதன் இன்னொரு முகத்தோடு விளையாடியவர். சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், ஓவியர்களின் 43 குழுவைக் கூட்டியவர்களில் ஒருவர். பாதி கழுவிய படத்தின்மேல் மறுபடி ஒளியைப் பாய்ச்சும் சோலரைசேஷன் முறையை அவர் விரும்பிக் கையாண்டார். அந்த முறையில் உருவங்களின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு தானாக வரைந்துகொள்ளும். மக்கி கோடு என்று அதற்குப் பெயர். அதுவும் எல்லையில் நடக்கும் இரசாயனப் பிணக்குத்தான். படத்தைத் திருத்துவது கணினி கொண்டுவந்த கெட்ட பழக்கம் என்று பேசுகிற நண்பர்களிடம் நான் வென்ட்டின் பெயரைச் சொல்வதுண்டு.  

கணினியின் கூர்மையாக்கலுக்கும் இருட்டறையே தாய்வீடு. 1930களில் எக்ஸ்கதிர்ப் படங்களுக்காகவும், பிறகு அச்சகங்களிலும் ஒரு தந்திரம் பழகினார்கள். நெகட்டிவிலிருந்து மங்கலான ஒரு பொசிட்டிவ் பிரதி எடுப்பது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்சிடுவது. மங்கல் பிரதி படத்தின் பரந்த வேறுபாடுகளைத் தணித்துவிட, நுணுக்கங்கள் மிஞ்சி நிற்கும். மங்கலை வைத்துக் கூர்மை பெறும் இந்த வித்தைக்கு அன்சார்ப் மாஸ்க், அதாவது மங்கல் திரை, என்று பெயர் வந்தது. போட்டோஷொப் இன்றும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறது. கூர்மையாக்கும் கருவிக்கு மங்கல் என்று பெயரிட்டது யார் என்று குழம்பாத புது மாணவரை நான் கண்டதில்லை.

கணக்கு சிறுபிள்ளைக் கணக்கு. மணலில் ஒரு பள்ளமும் மேடும் சந்திக்கும் இடத்தில் ஆறு பிக்சல்களை எடுங்கள். ஒளியளவு 100, 100, 100, 110, 110, 110. ஒவ்வொன்றையும் அதன் இரு அயலாரோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் மங்கல் பிரதி கிடைக்கும்: 100, 100, 103, 107, 110, 110. முதலாவதிலிருந்து மங்கலைக் கழியுங்கள். நடுவிலுள்ள இரண்டு இடங்களில் மட்டும் ஏதோ மிஞ்சும்: ஒன்றில் மூன்று குறை, மற்றதில் மூன்று கூட. அந்த மிச்சத்தைப் பழைய படத்தோடு கூட்டினால் 100, 100, 97, 113, 110, 110. பத்து வித்தியாசமாக இருந்த விளிம்பு பதினாறாகிவிட்டது. படம் கூர்மையாகத் தெரிகிறது.

ஆனால் அந்த 97ஐயும் 113ஐயும் பாருங்கள். உடப்புக் கரையில் 97 என்று ஓர் இருட்டும் இருக்கவில்லை, 113 என்று ஒரு வெளிச்சமும் இருக்கவில்லை. அவை நான் நட்டவை. மாக் கண்ணுக்குள் கண்ட கோடுகளை நான் தாளில் அச்சிட்டுவிட்டேன். பார்க்கிறவரின் கண் தன் வழக்கப்படி அதன்மேல் இன்னொரு தடவை கூர்மையாக்கும். இப்போதெல்லாம் கைப்பேசிக் கமராவும் படத்தை நம்மிடம் தருமுன்பே தன் பங்குக்குக் கூர்மையாக்கிவிடுகிறது. கைப்பேசி, நான், பார்க்கிறவரின் கண் என்று மூன்று பேர் ஒரே கத்தியைத் தீட்டினால் அடிவானத்தில் கடலுக்கும் வானுக்கும் நடுவே வெள்ளை நூல் வைத்துத் தைத்ததுபோல ஒரு கோடு வராமல் என்ன செய்யும்?

எத்தனை அயலாரைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறோம் என்பதில்தான் மீதி நுட்பம் இருக்கிறது. மா அரிக்கும் அரிதட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணறை சிறியதானால் நொய்கூட மேலே தங்கும். பெரியதானால் கட்டி மட்டும் தங்கும். ஒரு பிக்சல் அகலத்து மங்கலில் தங்குவது தனி மணல்மணி. ஐம்பது பிக்சல் மங்கலில் தங்குவது மணல்மேட்டின் மடிப்பு. 1983இல் பீற்றர் பேர்ட்டும் எட்வர்ட் அடெல்சனும் ஒரு படத்தை அடுக்கடுக்கான அரிதட்டுகளில் சலித்து, ஒவ்வொரு அடுக்கையும் தனியே வைத்து, வேண்டும்போது மறுபடி இழப்பில்லாமல் ஒன்றாகச் சேர்க்கும் முறையை வெளியிட்டார்கள். லாப்லாசியன் பிரமிட் என்பது அதன் பெயர். இன்றைய திருத்தும் மென்பொருள்களுக்குள் அந்த எண்ணம் பல வடிவங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

2019 மே மாதம் அடோபி நிறுவனம் தன் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில் டெக்ஸ்ச்சர் என்ற ஸ்லைடரைச் சேர்த்தது. அதன் பிறப்புக் கதை வேடிக்கையானது. முகத்தின் தோலை மழமழவென்று ஆக்க ஒரு கருவி செய்யப் போனார்கள். அதைத் தலைகீழாகத் திருப்பினால் மரப்பட்டையும் பாறையும் உயிர்பெறுவதைக் கண்டு, இரண்டு பக்கமும் நகரும்படி வெளியிட்டார்கள். அது பிடிப்பது நடுத்தர அரிதட்டில் தங்குபவற்றை. மிக நுண்ணியவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இரைச்சல் புள்ளிகள் குடியிருப்பது அங்கேதான் என்பது காரணம். பரந்த நிழல்களையும் தொடுவதில்லை. அவற்றுக்கு 2007 முதலே கிளாரிட்டி என்ற வேறு ஸ்லைடர் இருந்தது.

நடுத்தரம் ஏன் முக்கியம்? மறுபடியும் கண்தான். கேம்பிரிட்ஜில் கம்பெலும் ரொப்சனும் 1968இல் கோடுகளால் ஆன படங்களைக் காட்டி அளந்தார்கள். மிகத் தடித்த கோடுகளையும் மிக மெல்லிய கோடுகளையும் பார்க்கக் கண்ணுக்கு அதிக ஒளிவேறுபாடு தேவை. இடைப்பட்ட ஓர் அகலத்தில், பார்வையின் ஒரு பாகைக்குள் மூன்று முதல் ஐந்து சோடிக் கோடுகள் அடங்கும் அளவில், கண் மிகக் கூர்ந்திருக்கிறது. ஒரு பாகை என்பது 57 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒரு சென்ரிமீற்றர். மேசையில் வைத்துப் பார்க்கும் அச்சில் இரண்டு, மூன்று மில்லிமீற்றருக்கு ஒரு மணல்வரி வந்தால் அது கண்ணைத் தொடும். முப்பது சென்ரிமீற்றரில் பிடித்த கைப்பேசியில் அதே உணர்வுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வரி போதும். கைப்பேசித் திரைக்காகச் சரிபார்த்த படத்தைப் பெரிய அச்சாக்கினால் அது வேறு படமாகிவிடுவது இதனால். நான் கணினித் திரையில் படத்தை நூறு வீதத்துக்கு உருப்பெருக்கி, மணல்மணிகளோடு மூக்கை உரசிக்கொண்டு மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தூரத்திலிருந்து யாரும் கடற்கரையைப் பார்ப்பதில்லை, நண்டைத் தவிர.

இவ்வளவும் சொல்லியும் மணல் ஏன் காய்ந்தது என்பதற்கு இன்னும் விடை வரவில்லை.

ஈரமணல் ஏன் கறுத்திருக்கிறது என்று கேட்டால் தண்ணீர் பட்டால் கறுக்கும் என்போம். தண்ணீருக்கு நிறமில்லையே! உலர்ந்த மணலில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே காற்று. குவார்ட்சின் ஒளிமுறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.5, காற்றினது 1. இந்தப் பெரிய இடைவெளியால் ஒவ்வொரு துகளிலும் ஒளி பலமாகத் திசை மாறி விரைவில் வெளியே திரும்பிவிடும். நடுவில் தண்ணீர் புகுந்தால் சுட்டி 1.33. இடைவெளி சிறுத்துவிட்டது. ஒளி அதிகம் திரும்பாமல் முன்னோக்கியே போய், ஆழத்தில் உறிஞ்சப்படும். மணல் கறுக்கிறது, தன் சொந்த நிறத்தில் செறிகிறது. வில்பத்து வனத்தின் கடலோரத்தில், குதிரைமலையின் இரும்பேறிய செம்மண் மழைக்குப்பின் செப்புக்கட்டியாகத் தெரிவதும் இதே காரணத்தால். கூடவே மேலே படிந்த நீர்ப்படலம் அங்கங்கே கண்ணாடியாகி, சூரியனைச் சிறு சிறு பொட்டுகளாகத் திருப்பும்.

எனவே ஈரத்தின் முகவரி இது: பெரும்பகுதி இருட்டு, செறிந்த நிறம், நடுநடுவே மிகச் சில கூரிய மினுக்கங்கள். 2007இல் மொட்டோயோஷி, நிஷிடா, ஷரன், அடெல்சன் நால்வரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இதைப் பற்றியது. மேலே பிரமிட்டோடு வந்த அதே அடெல்சன்தான். ஒரு பரப்பின் ஒளியளவுகள் இருண்ட பக்கம் குவிந்து, வெளிச்சப் பக்கம் நீண்ட வால்போல் இழுபட்டிருந்தால் மனிதர் அதைப் பளபளப்பு என்று உணர்கிறார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். 2017இல் சவயாமா, அடெல்சன், நிஷிடா மூவரும் ஒரு படி மேலே போனார்கள். உலர்ந்த காட்சியின் படத்தை எடுத்து, ஒளியளவுகளை அந்த வகையில் சாய்த்து, நிறச்செறிவைக் கூட்டினால், பார்க்கிறவர்கள் அதை நனைந்த காட்சி என்று உணர்ந்தார்கள். ஒரு துளி நீரையும் யாரும் படத்தில் வரையவில்லை.

நான் உடப்புப் படத்துக்குச் செய்தது இதன் நேர்மாறு. நிழலில் நுணுக்கம் தெரியட்டும் என்று இருட்டைத் தூக்கினேன். மினுக்கங்கள் கண்ணைக் குத்துகின்றன என்று அவற்றைத் தணித்தேன். பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஒரே அளவில் வேறுபாட்டைக் கூட்டினேன். இருட்டில் குவிந்திருந்த அளவுகள் நடுவுக்கு வந்தன, வால் அறுந்தது, எங்கும் ஒரே மாதிரிப் புள்ளிகள். உலர்ந்த மணலின் முகவரியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்த மனிதர் படித்ததைத்தான் சொன்னார்.

திருத்தத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அது ரசனையோடு தொடர்பில்லாத வெறும் இயற்பியல். ஒளி போட்டோன்களாக, மழைத்துளி முற்றத்தில் விழுவதுபோல, ஒழுங்கின்றி வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரி 10,000 போட்டோன் விழுந்தால் அதில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது ஒரு வீதம். உச்சிவெயில் மணல்வரியின் ஐந்து வீத வேறுபாடு அதில் தாராளமாகத் தெரியும். மென்பொருளால் அதைப் பெருக்கவும் முடியும். கண்டல் வேர்களுக்கு அடியிலுள்ள நிழலில் ஒரு பிக்சலுக்கு 100 போட்டோன்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து வீதம். ஐந்து வீத நுணுக்கம் அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டது. ஸ்லைடரைத் தள்ளினால் சேறு பெருகாது, இரைச்சல் பெருகும். பார்ப்பவர் அதைச் சேற்றின் சொரசொரப்பு என்று நம்பிவிடுவார் என்பதுதான் மோசம். பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்துக் கொஞ்சம் மீட்கலாம், ஆனால் அப்போது நுணுக்கமும் சேர்ந்து போகும். நிழலுக்குக் கோப்பும் அதிகம் கைகொடுக்காது. கமரா பதிந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரோ கோப்பில் 16,384 படிகள் உண்டென்று பெருமைப்படுகிறோம். அவற்றில் பாதி, 8,192 படிகள், மிக வெளிச்சமான ஒரு ஸ்டொப்புக்கே, அதாவது ஒளி இரு மடங்காகும் ஓர் இடைவெளிக்கே, போய்விடுகின்றன. ஒவ்வொரு ஸ்டொப் இருட்டுக்கும் படிகள் பாதியாகும். பத்தாவது ஸ்டொப்பில் எஞ்சுவது 16.

இல்லாததைப் பெருக்குவதன் விலை என்ன என்பதைக் கடலிலும் பார்க்கலாம். கற்பிட்டிக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் வருகின்றன. இந்த இனத்தை ஆராய்கிறவர்கள் மூழ்குமுன் அது தூக்கும் வாலின் பின்விளிம்பைப் படம் பிடித்து, அதிலுள்ள வெட்டுகளையும் நெளிவுகளையும் வைத்துத் தனித்தனித் திமிங்கிலங்களை அடையாளம் காண்கிறார்கள். மங்கிய காலையில் எடுத்த படத்தில் வேறுபாட்டைக் கூட்டிப் பார்ப்பது அவர்களுக்கு உதவும். அதே படத்தை அளவுமீறிக் கூர்மையாக்கினால் வாலின் விளிம்பில் 97களும் 113களும் முளைக்கும். இல்லாத வெட்டு ஒன்று பிறந்தால் ஒரு திமிங்கிலம் இரண்டாகிவிடும்.

அப்படியானால் நேர்மையான திருத்தம் எது? 1982 பெப்ரவரியில் 'நாஷனல் ஜியோகிரபிக்' இதழ் அட்டையின் செங்குத்து வடிவத்துக்குப் பொருந்துவதற்காக கீசாவின் இரண்டு பிரமிட்டுகளைக் கிட்டக் கொண்டுவந்து பெரும் வசை வாங்கியது. அதற்குப் பிந்திய தலைமுறைக்கு நேர்மை என்றால் எதையும் நகர்த்தாமல், சேர்க்காமல், நீக்காமல் இருப்பது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியும் பொருள்களைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் தடுக்கிறது. ஒளியளவையும் கூர்மையையும் அளவோடு சரிசெய்ய அனுமதிக்கிறது, முடிவுக்கட்டத்தில் மூல ரோ கோப்பைக் கேட்கிறது. நல்ல விதிகள்தான். என் உடப்புப் படம் சேர்த்தல் நீக்கல் விதியைத் தலைநிமிர்ந்து கடந்துவிடும். அளவோடு என்ற சொல்லில்தான் இடறும். அந்த அளவைச் சொல்ல எந்த விதிப்புத்தகத்தாலும் முடியாது. ஈரமணலைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். என் தீர்ப்பு இதுதான்: இயற்கைப் படத்தில் சொரசொரப்பு என்பது அலங்காரம் அல்ல, தகவல். ஈரமா உலர்வா, நேற்றைய உப்பா இன்றைய உப்பா, உயிருள்ள பவளமா பாசி மூடிய எலும்பா என்பதையெல்லாம் அது சொல்கிறது. அதைப் பெருக்குகிறவர் சாட்சியத்தைத் தொடுகிறார்.

பிறகு அந்தப் படத்தை ரோ கோப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன். முதலில் படத்தை அச்சு அளவுக்குச் சிறிதாக்கித் திரையில் வைத்து, கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டேன். இருட்டை இருட்டாகவே விட்டேன். மினுக்கங்களில் இரண்டு வெளுத்து வழிந்திருந்தன, வழியட்டும் என்று விட்டேன். சாய்சதுரக் கோடுகள் ஓடிய பகுதிக்கு மட்டும் டெக்ஸ்ச்சரைக் கூட்டினேன், வானத்துக்கும் நுரைக்கும் இல்லை. போதும் என்று தோன்றிய இடத்தில் எழுந்துபோய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். கூடுதலாகத் தெரிந்தது. கண் ஒரு படத்துக்குப் பழகிவிட்டால் மிகையும் இயல்பாகிவிடும் என்பதால் இந்தத் தேநீர் இடைவேளை ஏறக்குறைய ஓர் ஆய்வுக்கருவி. பாதியாகக் குறைத்தேன்.

புது அச்சை உடப்புக்குக் கொண்டுபோனபோது அவர் வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "வத்து நேரம்" என்று, கடல் வற்றும் வேளையை மட்டும் சொல்லித் திருப்பித் தந்தார். கூட்டும் பக்கத்தில் நூறுவரை போகும் அந்த டெக்ஸ்ச்சர் ஸ்லைடர் கடைசியில் நின்ற இடம் 12.